ஏடிஆரா, ஏ320 நியோவா? எந்த இன்ஜின் எந்த வழித்தடத்துக்கு?

தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை பல வருடங்களாக 1,351 மீட்டர்தான். அதனால் சென்னையிலிருந்து அங்கே போனவை எல்லாம் புரொப்பெல்லர் விமானங்கள்: ஏடிஆர் 72, இடையில் கியூ400. இப்போது ஓடுபாதை 3,115 மீட்டருக்கு நீண்டுவிட்டது. 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாயிற்று. ஏ320, ஏ321 போன்ற ஜெட் விமானங்கள் இறங்க இனி ஓடுபாதை தடையில்லை.

ஜெட் வந்தால் முன்னேற்றம், புரொப்பெல்லர் என்றால் பழைய காலம் என்றொரு எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னை - தூத்துக்குடி வான்வழித் தூரம் சுமார் 530 கி.மீ. இந்தத் தூரத்துக்கு எந்த விமானம் பொருந்தும், ஜெட்தான் என்றால் அதில் எந்த இன்ஜினை மாட்டுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேட, இன்ஜின் எப்படித் தள்ளுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தள்ளுவது எப்படி

விமான இன்ஜின் எந்த வகையாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். முன்னால் இருக்கும் காற்றைப் பிடித்து, வேகம் கூட்டி, பின்னால் அனுப்புகிறது. காற்றைப் பின்னால் தள்ளும் விசைக்குச் சமமான எதிர்விசை இன்ஜின் பிளேடுகள் மீதும் உட்சுவர்கள் மீதும் விழுகிறது. அது இறக்கை வழியாக விமானத்தை முன்னால் இழுக்கிறது. வெளியே வந்த காற்று பின்னால் இருக்கும் காற்றில் முட்டி உதைப்பதால் விமானம் நகர்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை.

உந்துவிசையின் கணக்கு எளிது. ஒரு விநாடியில் எத்தனை கிலோ காற்றைப் பிடிக்கிறோம், அதன் வேகத்தை எவ்வளவு கூட்டுகிறோம், இரண்டையும் பெருக்க வேண்டும். ஆகவே ஒரே விசையைப் பெற இரண்டு வழி உண்டு: கொஞ்சம் காற்றை வெகு வேகமாகத் தள்ளலாம், அல்லது நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளலாம். விசை ஒன்றாக இருந்தாலும் எரிபொருள் செலவு ஒன்றாக இருக்காது. விசை வேகத்தோடு நேராகக் கூடுகிறது. காற்றோடு வெளியே போகும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏ320 நியோ (புதிய தலைமுறை இன்ஜின் மாட்டிய ஏ320) 11 கி.மீ. உயரத்தில் விநாடிக்கு 230 மீட்டர் (மணிக்குச் சுமார் 830 கி.மீ.) வேகத்தில் போகிறது, ஒவ்வொரு இன்ஜினும் 20 கிலோநியூட்டன் விசை தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விமானத்துக்குப் பயன்படும் சக்தி 4.6 மெகாவாட்.

முதல் இன்ஜின் விநாடிக்கு 50 கிலோ காற்றைப் பிடித்து அதன் வேகத்தை 400 மீட்டர் கூட்டுகிறது. விசை 20 கிலோநியூட்டன், சரி. ஆனால் பின்னால் போகும் காற்றில் 4 மெகாவாட் வீணாகிறது. கொடுத்ததில் 53 சதவீதம்தான் விமானத்தைத் தள்ளியது.

இரண்டாவது இன்ஜின் 200 கிலோ காற்றைப் பிடித்து 100 மீட்டர் மட்டும் கூட்டுகிறது. அதே 20 கிலோநியூட்டன். வீணாவது 1 மெகாவாட். திறன் 82 சதவீதம்.

இந்தச் சதவீதத்தைத்தான் உந்துதிறன் என்கிறோம். கப்பல் புரொப்பெல்லர்களுக்காக 19-ம் நூற்றாண்டிலேயே பொறியாளர்கள் ரேங்கினும் ஃப்ரூடும் உருவாக்கிய கணக்கு இது. வெளியேறும் காற்றின் வேகத்தைப் பறக்கும் வேகத்தால் வகுத்து, அதோடு 1 கூட்டி, 2-ஐ அதனால் வகுத்தால் உந்துதிறன் கிடைத்துவிடும். இரண்டு வேகமும் நெருங்க நெருங்கத் திறன் 100 சதவீதத்தை நெருங்கும். முழுக்கச் சமமானால் விசையே இருக்காது. அதனால்தான் வேகத்தைக் குறைக்கும்போது காற்றின் அளவைக் கூட்டியாக வேண்டும்.

ஜெட் இன்ஜின்களின் வரலாறே இந்தக் கணக்கின் பின்னால் ஓடிய ஓட்டம்தான். 1939-ல் பறந்த ஹெய்ங்கல் 178-லும், 1952-ல் பயணிகள் சேவைக்கு வந்த காமெட்டிலும் இருந்தவை டர்போஜெட்கள். பிடித்த காற்று முழுவதும் எரியறை வழியாகவே போகும், பின்னால் சீறும், காது கிழியும். பிறகு முன்னால் ஒரு விசிறியை வைத்து, காற்றில் ஒரு பகுதியை, எரிபொருள் எரியும் நடுப்பகுதியான கோர் பக்கமே விடாமல் சுற்றி அனுப்பும் டர்போஃபேன் வந்தது. கோருக்குள் போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை கிலோ சுற்றிப் போகிறது என்பது பைபாஸ் விகிதம். ஆரம்பகால ரோல்ஸ்-ராய்ஸ் கான்வேயில் அது 1-க்கும் கீழே. 1970-ல் வந்த போயிங் 747-ன் ஜேடி9டி இன்ஜினில் சுமார் 5. இன்றைய ஏ320 நியோவில் 11, 12.

ஏ320 நியோ முனையத்திலிருந்து தள்ளி நிறுத்தப்பட்டு, பின்பக்கப் படிக்கட்டு வழியாக ஏற நேர்ந்தால், இன்ஜினைப் பின்னாலிருந்து பாருங்கள். நடுவே கூம்பு வைத்த சின்ன வாய் தெரியும். எரிந்த வாயு வருவது அங்கிருந்து. அதைச் சுற்றி அகலமான வளையமாக ஒரு இடைவெளி இருக்கும். சூடே ஏறாத காற்று அதன் வழியாகத்தான் வருகிறது, உந்துவிசையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அதனுடையது. ஜெட் என்று நாம் சொல்வது பெரும்பாலும் உறைக்குள் வைத்த விசிறிதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேகமாகச் சீறும் காற்று எப்போதுமே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. கான்கார்ட் ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் போனது, அதில் இருந்தது ஒலிம்பஸ் 593 டர்போஜெட். பறக்கும் வேகமே அவ்வளவு அதிகமாக இருக்கும்போது சீறும் காற்றுக்கும் அதற்கும் உள்ள விகிதம் மோசமில்லை. முக்கியம் விகிதம்தான்.

ஏடிஆர் எதிர் ஏ320 நியோ

இந்தக் கணக்கை ஏடிஆர் 72-600-க்குப் போட்டால் அசந்து போவோம். அதன் ஆறு பிளேடு புரொப்பெல்லரின் விட்டம் 3.93 மீட்டர். மணிக்கு 510 கி.மீ. வேகத்தில், 6 கி.மீ. உயரத்தில், இரண்டு இன்ஜினும் சேர்ந்து 15 கிலோநியூட்டன் தருவதாக எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு புரொப்பெல்லர் வழியாகவும் விநாடிக்கு 1,100 கிலோ காற்று போகிறது. அதற்குக் கூட்டும் வேகம் விநாடிக்கு 7 மீட்டர்கூட இல்லை. உந்துதிறன் 97 சதவீதத்துக்கு மேல். காற்று சுழன்று போவதாலும் பிளேடுகளின் உராய்வாலும் நிஜத்தில் 80-களுக்கு இறங்கும். எனக்கு இது இன்னும் வியப்பான விஷயம்தான்: ஒரு சிறிய விமானத்தின் புரொப்பெல்லர், ஏ320-ன் இன்ஜின் மேலே பிடிப்பதைப் போல ஐந்து மடங்கு காற்றைப் பிடிக்கிறது.

1,351 மீட்டர் ஓடுபாதையில் ஏடிஆர் ஏறி இறங்கியதற்குப் பெரிய காரணமும் இதுவே. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது, அகலத் துடுப்பைப் போட்ட படகு போல, அதே சக்திக்குப் புரொப்பெல்லர் அதிக விசை தரும்.

அப்படியானால் எல்லா விமானத்துக்கும் புரொப்பெல்லர் போட்டுவிடலாமே? முடியாது, பிளேடு நுனி விடாது. ஏடிஆரின் புரொப்பெல்லர் மேலே பறக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 1,000 சுற்று சுற்றுகிறது. நுனியின் சுழல்வேகம் விநாடிக்கு 206 மீட்டர். விமானம் முன்னேறும் 142 மீட்டரையும் செங்கோணத்தில் சேர்த்தால் நுனி காற்றைச் சந்திக்கும் வேகம் 250. அந்த உயரத்தில் ஒலியின் வேகம் 316, ஆகவே பிரச்சினையில்லை. இதே புரொப்பெல்லரை ஏ320 பறக்கும் உயரத்துக்கும் வேகத்துக்கும் கொண்டுபோனால் நுனியின் வேகம் 309 ஆகிவிடும். அங்கே ஒலியின் வேகம் 295தான். நுனியில் அதிர்வலை உண்டாகி, திறன் சரிந்து, இரைச்சல் தாங்க முடியாததாகிவிடும். விசிறியை உறைக்குள் வைத்தால் உள்ளே வரும் காற்றின் வேகத்தை உறையின் முகப்பே அடக்கித் தருகிறது. டர்போஃபேன் வேகமாகப் பறப்பதன் ரகசியத்தில் பாதி அந்த உறையில் இருக்கிறது.

உந்துதிறனில் ஏடிஆர் ஜெயித்தது, அதோடு முடிந்தது என்று நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்ஜினின் மொத்தத் திறன் இரண்டு எண்களின் பெருக்கல். எரிபொருளின் வெப்பத்தில் எவ்வளவைச் சுழல்சக்தியாக மாற்றுகிறது என்ற வெப்பத்திறன் ஒன்று, உந்துதிறன் இன்னொன்று. வெப்பத்திறனுக்கு அடிப்படை கம்ப்ரசர் காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது. ஏடிஆரின் பிடபிள்யூ127 இன்ஜினில் சுமார் 15 மடங்கு. ஏ320 நியோவின் இன்ஜின்களில் சுமார் 40 மடங்கு. சிறிய இன்ஜினில் கடைசி அடுக்கு பிளேடுகள் விரல்நகம் அளவுக்குப் போய்விடும், பிளேடு நுனிக்கும் சுவருக்கும் இடையே கசியும் காற்றின் பங்கு கூடிவிடும். அதனால் அழுத்தத்தை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. புரொப்பெல்லரில் சம்பாதித்ததில் ஒரு பகுதியை ஏடிஆர் கோரில் இழக்கிறது.

கடைசிக் கணக்கு என்ன? 530 கி.மீ. பயணத்துக்கு ஏடிஆர் எரிக்கும் எரிபொருள் ஏ320 நியோ எரிப்பதில் பாதிக்கும் குறைவு. ஆனால் ஏடிஆரில் அதிகபட்சம் 78 இருக்கை, இங்கே பறக்கும் ஏ320 நியோவில் 186 வரை. இருக்கை அடிப்படையில் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடுகின்றன, ஏடிஆர் கொஞ்சம் முன்னால். 186 இருக்கையும் நிரம்பினால்தான் இது. 90 பேரோடு ஏ320 பறந்தால் கணக்கு குப்புற விழும். நேரம்? குறுகிய தூரத்தில் ஏ320 மேலே ஏறி நிமிர்வதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிடும். 830 கி.மீ. வேகத்தின் பலன் முழுசாகக் கிடைக்காது. மிச்சமாவது கால் மணி, இருபது நிமிடம்.

ஆகவே என் முடிவு: ஒரு நாளில் நாலைந்து முறை, ஒவ்வொரு முறையும் 60, 70 பேர் என்றால் ஏடிஆர்தான். காலையில் போய் மாலையில் திரும்ப நினைப்பவருக்குப் பெரிய விமானம் ஒன்றைவிட நேரம் நேரமாகக் கிளம்பும் சின்ன விமானம் உதவும். 150 பேர் நிச்சயம் என்ற வேளைக்கு, அல்லது அதே விமானம் தூத்துக்குடியிலிருந்து டெல்லி, மும்பை என்று நீண்டு போகும் என்றால் ஏ320 நியோ. சென்னை - யாழ்ப்பாணம் சுமார் 355 கி.மீ., அங்கே யோசிக்கவே வேண்டாம். 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் அந்தச் சேவையைத் தொடங்கியபோது அனுப்பியதும் ஏடிஆர்தான்.

ஏடிஆரில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. விமானம் வந்து நின்றதும் இடது பக்கப் புரொப்பெல்லர் ஓய்ந்துவிடும். வலது பக்கம் புரொப்பெல்லர் அசையாமல் நிற்கும், ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டே மின்சாரமும் ஏசியும் தரும். கோரின் டர்பைனும் (சூடான வாயு சுழற்றும் பிளேடுச் சக்கரம்) புரொப்பெல்லரைச் சுற்றும் டர்பைனும் வேறு வேறு தண்டுகளில் இருப்பதால், ஒன்றை பிரேக் போட்டு நிறுத்திவிட்டு மற்றதை ஓட்ட முடிகிறது. இதற்கென்று தனியாக ஒரு சின்ன இன்ஜினை வாலில் சுமக்க வேண்டியதில்லை.

லீப்பா, கியர் வைத்த விசிறியா

ஏ320 நியோ என்று முடிவானால் அடுத்த கேள்வி உடனே நிற்கும். ஏர்பஸ் இரண்டு இன்ஜின்களைத் தருகிறது. ஒன்று சிஎஃப்எம் லீப்-1ஏ. அமெரிக்காவின் ஜிஇ-யும் பிரான்சின் சஃப்ரானும் பாதிப் பாதி. மற்றது பிராட் அண்ட் விட்னியின் பிடபிள்யூ1100ஜி. வெளியிலிருந்து வேறுபாடு சொல்ல விசிறியை எண்ணினால் போதும்: லீப்பில் 18 பிளேடு, பிராட்டில் 20.

இரண்டும் உந்துதிறனைத்தான் துரத்துகின்றன, பாதை வேறு. விசிறி பெரிதாகப் பெரிதாக மெதுவாகச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் நுனி ஒலிவேகத்தை அதிகம் தாண்டிவிடும். ஆனால் விசிறியை ஓட்டும் டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டும் ஒரே தண்டில் இருந்தால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும்.

லீப்பில் டர்பைன் விட்டுக்கொடுக்கிறது. அதிகபட்சம் நிமிடத்துக்கு 3,900 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஓடும், அந்தக் குறையை ஈடுகட்ட ஏழு அடுக்கு பிளேடு வைத்திருக்கிறார்கள். விசிறி 1.98 மீட்டர், பைபாஸ் 11. எடையைக் குறைக்க விசிறி பிளேடுகளை கார்பன் இழையில் முப்பரிமாணமாக நெய்து, விளிம்பில் டைட்டானியம் பொதிந்திருக்கிறார்கள். சூடான பகுதியில் பீங்கான் கலவைப் பாகங்களும் வந்துவிட்டன. எல்லாம் பொருள்களின் சாமர்த்தியம், அமைப்பு பழகியது.

பிராட் நடுவே ஒரு கியர்பாக்ஸை வைத்துவிட்டது. டர்பைன் சுமார் 10,000 சுற்றில் ஓட, விசிறி மூன்றில் ஒரு பங்கு வேகத்தில், 3,300 சுற்றுக்குள் சுற்றுகிறது. ஏழு அடுக்கு செய்த வேலையை மூன்று அடுக்கு செய்துவிடுகிறது. விசிறி 2.06 மீட்டர், பைபாஸ் 12.5. டேக்-ஆஃபில் லீப்பின் விசிறி நுனி விநாடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் போகும்போது, இதன் நுனி 350 மீட்டரில் போகிறது. இரைச்சல் குறைவதற்கு இது ஒரு காரணம்.

தாளில் பார்த்தால் கியர் விசிறி அழகான தீர்வு, மனதளவில் நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் 11-க்கும் 12.5-க்கும் இடையே உந்துதிறனில் வித்தியாசம் ஓரிரு சதவீதம். பெரிய விசிறிக்குப் பெரிய உறை, கூடுதல் எடை, கூடுதல் காற்றெதிர்ப்பு என்று அதிலும் ஒரு பங்கு கரைந்துவிடும். பழைய ஏ320-ஐவிட இரண்டுமே சுமார் 15 சதவீதம் எரிபொருளை மிச்சப்படுத்துகின்றன. எரிபொருளை மட்டும் வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

தீர்மானிப்பது, பழுதுபார்க்கக் கழற்றாமல் இன்ஜின் இறக்கையில் எத்தனை நாள் இருக்கும் என்பதுதான். இந்தியா இந்தப் பாடத்தை மிகுந்த விலை கொடுத்துப் படித்தது. இண்டிகோ 2016 மார்ச்சில் பிராட் இன்ஜினோடு நியோவைப் பறக்கவிட்டது. அடுத்தடுத்து பல தொல்லைகள்: இன்ஜினைக் கிளப்பவே கூடுதல் நேரம், 2018-ல் ஒரு சீல் கோளாறு, பிறகு டர்பைனின் மூன்றாம் அடுக்கு பிளேடு உடைவது. 2019-ல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ பழைய வகை இன்ஜின்களை மாற்றச் சொல்லி இண்டிகோவுக்குக் கெடு விதித்தது. அதே வருடம் ஜூனில் இண்டிகோ 280 விமானங்களுக்கு லீப்பை ஆர்டர் செய்து பக்கம் மாறியது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் திவால் மனு போட்டபோது, நின்றுபோன பிராட் இன்ஜின்களையே காரணமாகச் சொன்னது. அதே வருடம் ஜூலையில் பிராட்டின் தாய் நிறுவனம் ஆர்டிஎக்ஸ், 2015 இறுதியிலிருந்து 2021 வரை செய்த டர்பைன் வட்டுகளின் உலோகத் தூளில் கலப்படம் இருந்ததாக அறிவித்தது. உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான விமானங்கள் தரையில் நின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, ஆரம்பத்தில் எல்லோரும் பயந்த கியர்பாக்ஸ் அநேகமாகத் தொல்லையே தரவில்லை. புதுமை தாங்கிவிட்டது. சறுக்கியது சீல், பிளேடு, உலோகத் தூள் என்று எல்லா இன்ஜினிலும் இருக்கும் சமாச்சாரங்களில்.

லீப்பும் குறையற்றது இல்லை. வெயிலும் தூசியும் மிகுந்த ஊர்களில் அதன் உயரழுத்த டர்பைன் பிளேடுகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்ந்தன. உள்ளே ஓடும் வாயு பிளேடு உலோகத்தின் உருகுநிலையைவிடச் சூடானது, பிளேடின் நுண்துளைகள் வழியே வரும் குளிர்காற்றுதான் அதைக் காப்பாற்றுகிறது. தூசி அந்தத் துளைகளை அடைத்தால் ஆயுள் போச்சு. 2024 டிசம்பரில் லீப்-1ஏ-க்கு இதைச் சரிசெய்யும் புதிய பாகங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. பிராட்டும் தன் மேம்பட்ட வடிவத்துக்கு 2025-ல் அமெரிக்க அங்கீகாரம் வாங்கியிருக்கிறது.

அப்புறம், யாருக்கு எது? ஒரு நாளில் ஆறேழு முறை ஏறி இறங்கும் உள்நாட்டுச் சேவை, சூடு, தூசி, குறைவான உபரி இன்ஜின்கள் என்றால் நான் லீப் பக்கம். ஒவ்வொரு டேக்-ஆஃபும் சூடான பாகங்களுக்கு ஒரு அடி, அந்த அடியை எண்ணித்தான் வாங்க வேண்டும். ஏ321-ஐ வைத்து ஐந்து, ஆறு மணி நேரம் பறக்கிற நிறுவனத்துக்கு, இரவு இரைச்சல் கட்டுப்பாடுள்ள நகரங்களுக்குப் போகிறவர்களுக்கு, கியர் விசிறியின் மேம்பட்ட வடிவம் நல்ல தேர்வு. எதை வாங்கினாலும் ஒப்பந்தத்தில் உபரி இன்ஜின் எத்தனை, பழுதுபார்ப்பு மையத்தில் இடம் எப்போது, திரும்பி வர எத்தனை நாள் என்பதை எழுதி வாங்க வேண்டும். எரிபொருளில் 1 சதவீதம் மிச்சம் பிடித்து, விமானத்தை எட்டு மாதம் தரையில் நிறுத்தினால் என்ன பயன்?

இன்னும் பெரிய விசிறிக்குக் காத்திருக்கலாமா

பைபாஸை 20, 30 என்று ஏற்றலாம், ஆனால் உறை தடுக்கும். இறக்கைக்கும் தரைக்கும் இடையே இடமும் வேண்டும். போயிங் 737 மேக்ஸ் தாழ்வான விமானம் என்பதால் அதன் லீப்-1பி-யின் விசிறி 1.76 மீட்டரில் நின்றது, பைபாஸ் 9. அதையும் பொருத்த இன்ஜினை முன்னால் தள்ளி உயர்த்த வேண்டியிருந்தது. அதனால் மாறிய பறக்கும் குணத்தைச் சமாளிக்கப் போட்ட எம்காஸ் மென்பொருள் 346 உயிர்களைப் பலிகொண்ட இரண்டு விபத்துகளில் எப்படி முடிந்தது என்பது உலகறிந்தது.

உறையையே கழற்றிவிடுவது அடுத்த யோசனை. 1980-களில் ஜிஇ திறந்த விசிறி இன்ஜினைப் போயிங் 727-லும் எம்டி-80-லும் பறக்கவிட்டுக் காட்டியது. எண்ணெய் விலை விழுந்ததும் ஆர்வமும் விழுந்தது. 2021 ஜூனில் சிஎஃப்எம் அதே யோசனையை ரைஸ் என்ற பெயரில் மீண்டும் எடுத்திருக்கிறது. ஒரு வரிசை பிளேடு சுழலும், அதன் பின்னால் சுழலாத வரிசை ஒன்று காற்றின் சுழற்சியை நேராக்கும். இன்றைய இன்ஜின்களைவிட 20 சதவீதம் எரிபொருள் குறைவு, வேகம் ஜெட் அளவுக்கே என்பது இலக்கு. சேவைக்கு வருவது 2030-களின் நடுவில். அதை இன்றைய ஏ320 நியோவில் கழற்றி மாட்ட முடியாது, அதற்கென்றே வடிவமைத்த புது விமானம் வர வேண்டும். அதனால் இந்த வருடம் விமானம் வாங்குகிறவர் இதற்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. 20 வருடத்துக்கு வாங்குவதற்குப் பதிலாக 8, 10 வருடக் குத்தகைக்கு எடுத்தால், ரைஸ் வரும்போது கை கட்டப்படாமல் இருக்கும்.